மடித்த துணியின் வாடை: பொட்டிப்புரத்து மகளுக்கு



பெட்டியில் கிடந்து வாடையடிக்கும் சேலை, வேட்டி, கம்பளிகளை வாங்கிச் சீர்செய்து கொடுக்கும் வேலையை நீ பொட்டிப்புரத்திலேயே தொடங்கியிருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். மக்கல் வாடையை அடக்க எந்த அத்தர் நல்லது என்று கேட்டிருந்தாய். எதுவும் வேண்டாம் தாயி. பூசணம் துணியைத் தின்னும்போது வெளிவிடும் ஆவிகள்தான் அந்த வாடை. உள்ளே ஏதோ நடக்கிறது என்று துணி நமக்குச் சொல்ல வேறு வழியில்லை. அதன்மேல் மணத்தைத் தெளித்தால் சேதி மறையும், தின்பது நிற்காது.

எல்லாம் ஈரத்தில் தொடங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் இடத்தில், 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பட்டு 11 கிராம், கம்பளி 16 கிராம் வரை. பாலியஸ்டரில் அரை கிராம்கூட இராது. தொட்டால் எல்லாமே காய்ந்ததாகத்தான் தோன்றும். ஈரப்பதம் 70-ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூசணம் முளைக்கும். நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அதற்கு ஓரிரு நாளே போதும். தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கிப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிப் போகிறவர்களின் ஸ்வெட்டரும் கம்பளியும்தான் உன்னிடம் மிக மோசமான நிலையில் வரும். மலை மஞ்சில் நனைந்து, காய நேரமில்லாமல் மடிக்கப்பட்டவை அவை. அவர்களிடம் கூலியைக் குறைத்தே வாங்கு.

வெளியூரில் பொட்டிப்புரம் என்றால் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைத்தான் சொல்வார்கள். எனக்கோ உன் ஊர்க் காற்றுதான் நினைவுக்கு வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. சாரல் விழாத ஆனி, ஆடி நாட்களில் வீசும் அந்தக் காற்றுக்கு ஈடான இயந்திரம் எதுவும் கிடையாது. பெட்டியில் இருப்பதையெல்லாம் அப்போதே வெளியே எடுத்து விரித்துவிடு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தபின் வாடையோடு போராடுவது இரட்டை வேலை. காற்றாட விடுவதற்கும் நேரம் உண்டு. முற்பகல் பதினொரு மணிக்கு விரித்து, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடு. சாயங்காலம் காற்றில் ஈரம் ஏறும்போது, பகலெல்லாம் விட்ட நீரைத் துணி திரும்பக் குடிக்கும். வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு பெட்டியில் வைக்காதே, ஆறட்டும்.

பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் நன்றாகக் காயவிடு. ஈரத்தோடு தேய்த்தால் அது நூலுக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் வாசலுக்கு வெளியே, காற்று உன் முகத்துக்கு அடிக்காத பக்கம் நின்று, மென்மையான தூரிகையால் தட்டு. முகக்கவசம் கட்டாயம். செத்த பூசணத்தின் தூளும் இழுப்பைக் கிளப்பும். இதை வீட்டுக்குள் வைத்துச் செய்தால், பிறர் வீட்டுப் பூசணம் உன் வீட்டுச் சுவருக்குக் குடிவரும்.

பருத்திக்குப் பயப்படாதே. ஆண்டிபட்டி சக்கம்பட்டிச் சேலையோ டி. சுப்புலாபுரத்துச் சேலையோ வந்தால் முதலில் கஞ்சியை முழுக்க எடு. பூசணத்துக்குப் பிடித்த சாப்பாடு கஞ்சிதான். கட்டும் நாளுக்குக் கஞ்சி அழகு, வைக்கும் நாளுக்கு அது கேடு. சாயம் நிற்குமா என்று உள்மூலையில் ஈர வெள்ளைத்துணியை ஒற்றிப் பார். நின்றால் சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசு. பிறகும் வாடை இருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மறுபடி அலசு. வினிகரும் பிளீச்சிங் பவுடரும் மட்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலை எரிக்கும். வெள்ளை வேட்டிக்கு நம் சலவைத் தொழிலாளர்கள் கண்ட வெள்ளாவியை விஞ்சிய வழியை நான் பார்த்ததில்லை. உவர்மண் கரைசலில் தோய்த்து நீராவியில் வேகவைக்கும்போது பூசணம் மிஞ்சாது. வெள்ளாவி வைக்கத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்.

பட்டுக்கு இதில் எதுவும் ஆகாது. கொதிநீர், சோடா, பிளீச்சிங், உச்சிவெயில் எல்லாமே அதற்கு விரோதம். நிழலில், காற்றில், பல நாள் விரித்து வை. அவசரப்படுகிறவர்களின் துணியை வாங்காதே. பிறகும் வாடை இருந்தால் மூடிய பெட்டியில் பட்டைத் தனியாகவும், கிண்ணங்களில் அடுப்புக்கரியும் ஆப்பச்சோடாவும் தனியாகவும் வைத்து ஒரு வாரம் விடு. அவை ஆவியை இழுத்துக்கொள்ளும். சரிகை இல்லாத, சாயம் நிற்கும் பட்டை மட்டும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒருமுறை அலசலாம்.

வேலை முடிந்ததா என்று கையைக் கேட்காதே. எவர்சில்வர் தூக்கில் துணியை மூடி இரவு முழுக்க வைத்து, காலையில் திறந்து மூக்கை வை. இளஞ்சூட்டில் ஒரு மூலையை இஸ்திரி போட்டும் பார்க்கலாம். சூடு பட்டதும் ஒளிந்திருக்கும் வாடை எழும்பிவிடும்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. பாச்சை உருண்டையை உன் கடைக்குள் சேர்க்காதே. அது பூச்சிக்கானது, பூசண வாடைக்கு அது மருந்தல்ல. நம் ஊரில் பாட்டியின் நைந்த பருத்திச் சேலைதான் பேரப்பிள்ளைக்குத் தொட்டில். பிறந்த குழந்தையைத் துடைப்பதும் சுற்றுவதும் அதே சேலையில்தான். நாப்தலின் உருண்டையோடு கிடந்த துணியில் சுற்றப்பட்ட சிசுக்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம். அந்தக் குறை வெளியே தெரியாது. உன்னிடம் வரும் சேலையில் உருண்டை வாடை இருந்தால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேள். நாள் கணக்கில் காற்றாட விட்டு, துவைத்து, வாடை அறவே போனபின் மட்டும் கொடு. பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணிப்பையில் கட்டிப் போடலாம். அதையும் பிள்ளைத் துணியில் வேண்டாம்.

துணி தருகிறவர்களிடம் பெட்டியைப் பற்றியும் சொல்ல மறக்காதே. துணியைச் சுத்தம் செய்து அதே வாடைப் பெட்டியில் வைத்தால் உன் உழைப்பு ஒரு மாதம் தாங்காது. உள்ளே துடைத்து, திறந்து காயவைத்து, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கச் சொல். பிளாஸ்டிக் உறைக்குப் பதில் துவைத்த மல் துணியில் சுற்றச் சொல். பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைத்தால் சரிகை ஒடியாது.

சில துணி மீளாது. நூலே இற்றுப்போயிருக்கும், கரும்புள்ளி உள்ளே இறங்கியிருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்கள் ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த துணிகள் சேற்றில் ஊறின. விற்க முடியாமல் கறைபட்டவற்றைச் சுத்தம் செய்து, சின்னச் சின்னதாக வெட்டி, ‘சேக்குட்டி’ என்ற பொம்மைகளாகத் தன்னார்வலர்கள் கட்டினார்கள். கறை அதில் அப்படியே தெரிந்தது, மக்கள் தேடி வாங்கினார்கள். உனக்கும் அப்படி ஒரு சேலை வரும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல், கூலி வாங்காதே. அவர்கள் கேட்டால் நல்ல பகுதியை மட்டும் வெட்டி ஓரம் தைத்துக் கொடு. கேட்காமல் கத்தரியை எடுக்காதே.

அன்புடன்,
உன் பெரியம்மா