டென்ஷன் நட்டைக் கடைசியாகத் தொடுங்கள்

திட்டக்குடியில் தீபாவளித் துணி வந்து குவிவதும் ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதும் ஒரே சமயத்தில்தான். தையல் மெஷின் மக்கர் செய்வதும் அப்போதுதான். மெஷின் தலையைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்து என் கடைக்குக் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "டென்ஷன் போயிடுச்சுக்கா." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் டென்ஷன் எங்கும் போயிருக்காது.

பெண்ணாடம் பக்கத்துப் பெண் ஒருத்தி கொண்டு வந்தது, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுத்த மெஷின். "நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அடியில கொத்துக் கொத்தா நூல் சேருதுக்கா. பாபின் கேஸையும் மாத்திப் பாத்துட்டேன்" என்றாள்.

"நட்டை விடும்மா. மேல்நூலைப் பூரா உருவிட்டு, என் எதிர்ல ஒரு தடவ மாட்டு."

மாட்டினாள். பிரஷர் ஃபுட் இறங்கியே இருந்தது. கோளாறு அவ்வளவுதான்.

மேல்நூல் இரண்டு டென்ஷன் தட்டுக்கு நடுவே போகிறது. சைக்கிள் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிப்பது மாதிரி அந்தத் தட்டுகள் நூலைப் பிடிக்கின்றன. ஃபுட்டைத் தூக்கினால்தான் தட்டு விரியும், நூல் உள்ளே இறங்கும். ஃபுட் இறங்கியிருக்கும்போது மாட்டினால் நூல் தட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொள்ளும்; பிடிப்பு இருக்காது. பிடிப்பில்லாத நூல் துணிக்கு அடியில் போய்ச் சுருண்டு கொத்தாகிறது. அடியில் கொத்து விழுந்தால் முதலில் மேலே பார்க்க வேண்டும். புதிதாகத் தைக்கிறவர்களை இதை நம்ப வைப்பது பெரும் பாடு. அசிங்கம் தெரிவது அடியில் என்பதால் பாவம், பாபின் கேஸைத்தான் போட்டு வதைப்பார்கள்.

எலியாஸ் ஹோவ் 1846-ல் இரண்டு நூல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து இந்தத் தையலின் கணக்கு மாறவில்லை. மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். யார் ஜாஸ்தியாக இழுக்கிறார்களோ அவர்கள் பக்கம் முடிச்சு வந்துவிடும். இதைக் கண்ணால் பார்க்க மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போடுங்கள். தைக்கப்போகிற அதே துணியின் வெட்டுத் துண்டை இரண்டாக மடித்து ஒரு கோடு ஓட்டுங்கள். மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் டைட், இல்லாவிட்டால் கீழ்நூல் லூஸ். அடிப்பக்கம் சிவப்பு தெரிந்தால் நேர்மாறு. ரூபியா ஜாக்கெட் துணியில் பார்த்துவிட்டு டெரிகாட்டன் சீருடையைத் தைக்க உட்காராதீர்கள். துணி மாறினால் சோதனையும் புதிதாக வேண்டும்.

அடுத்தது ஊசி. முனை மழுங்கிய ஊசியை "இன்னும் உடையலியே" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர், ஜாக்கெட்டுக்கு 14, சீருடைக்கு 16 என்று நான் வைத்துக்கொள்கிறேன். பாபின் கேஸை இடப்பக்கமிருந்து செருகும் கறுப்புத் தலை மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் வலது பார்த்து இருக்க வேண்டும். நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூலைக் காதுக்குள் விட வேண்டும்.

பிறகு தூசி. விலை குறைந்த நூல் பஞ்சாக உதிரும். அது தட்டுகளுக்கு இடையில் சேர்ந்தால் தட்டு மூடவே மூடாது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மடித்த மெல்லிய துணி நாடாவை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் கறுப்பாக வரும். பாபின் கேஸின் தகட்டுக்கு அடியிலும் ஒரு பிசிறு போதும், கீழ்நூல் தளர்ந்துவிட. கெட்டிக் காகித முனையால் எடுத்துவிடலாம். மழை நாளில் தட்டில் துரு பிடிக்கிறதா என்றும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிரில் தலைக்கு வைக்கிற எண்ணெயே உறைகிறது, பாபின் கேஸ் உட்காரும் சட்டிலில் மட்டும் உறையாதா? மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும். அதுவும் டென்ஷன் தட்டில் ஒரு சொட்டும் படக்கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகும் புள்ளி தெரிந்தால் நட்டுக்கு வாருங்கள். வலப்பக்கம் திருகினால் டைட், இடப்பக்கம் லூஸ். கொஞ்சம் திருப்பி ஒரு கோடு, மறுபடி கொஞ்சம் திருப்பி ஒரு கோடு. ஃபுட்டை இறக்கி வைத்துத் திருகுங்கள். தூக்கியிருந்தால் தட்டில் அழுத்தமே இருக்காது.

பாபின் கேஸ் திருகைத் தொடுவது அந்த நட்டுக்கும் பிறகுதான். நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் லூஸ். லேசாக ஓர் உதறு உதறினால் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறங்கி நின்றால் சரி. அசையவே இல்லையென்றால் டைட். தகட்டில் இரண்டு திருகு இருக்கும். நடுவில் உள்ள பெரியதுதான் டென்ஷனுக்கு, ஓரத்துச் சின்னது தகட்டைப் பிடித்திருப்பது. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். எகிறி விழுந்த திருகைச் சிமெண்டுத் தரையில் தேடிக் கண்டுபிடித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

டென்ஷன் தட்டோடு இருக்கும் சின்னக் கம்பியான செக் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, ஊசி குத்திக் குத்தி ஊசித் தகட்டின் ஓட்டையில் பிசிர் எழும்பியிருந்தாலோ மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். போகும்போது மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தைத்த துண்டு, அதே நூல், அதே பாபின், பழைய ஊசி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டு போங்கள்.