அஞ்சரை மணிச் சண்டை

'ஏஸ் காம்பாட் இன்ஃபினிட்டி' என்று ஒரு கேம் இருந்தது. வானத்தில் போர் விமானம் ஓட்டிச் சண்டை போடுவது. பிளேஸ்டேஷன் 3-இல் மட்டும் ஓடும், இலவசம். 2014 மே மாதம் வந்தது. 2018 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைத்துவிட்டார்கள். இணையம் இல்லாமல் திறக்காத கேம் என்பதால், தனியாளாக ஆடும் கதைப் பகுதியும் அன்றோடு போயிற்று. கொச்சியில், பள்ளுருத்தியில் உட்கார்ந்து அதை ஆடியவன் நான். இனி அதை யாரும் ஆடப்போவதில்லை என்றாலும், அதில் கற்றது அடுத்த ஆன்லைன் கேமுக்கும் உதவும்.

முதலில் எரிபொருள். ஒரு தடவை பறக்க ஒரு யூனிட் வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒன்று இலவசமாக வரும், மூன்றுக்கு மேல் சேராது. ரேஷன் கடை மண்ணெண்ணெய் மாதிரிதான், வாங்காமல் விட்டது விட்டதே. மேலும் பறக்கக் காசு கொடுக்கலாம். நான் காசு கொடுக்காமல் கணக்குப் போட்டேன். மூன்றும் தீர்ந்தால் திரும்ப நிரம்பப் பன்னிரண்டு மணி நேரம். டோக்கியோவில் ராத்திரி ஒன்பது என்றால் நமக்குச் சாயங்காலம் அஞ்சரை. சாவோ பாவ்லோவில் ராத்திரி ஒன்பதோ பத்தோ ஆகும்போது நமக்கு விடியற்காலை அஞ்சரை. ஜப்பான்காரரும் பிரேசில்காரரும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் நேரங்கள் அவை. அறைகள் நிரம்பியிருக்கும், காத்திருக்க வேண்டாம். இரண்டு அஞ்சரைக்கும் நடுவே சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்! காலையில் மூன்று, மாலையில் மூன்று. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். அம்மா புட்டுக்குத் தேங்காய் துருவி முடிப்பதற்குள் காலைக் கணக்கு தீர்ந்துவிடும். இந்த ரேஷனைப் பலர் திட்டினார்கள். எனக்கோ, அது இருந்ததால்தான் பரீட்சையும் பாஸானது, ஆட்டமும் கடைசிவரை அலுக்கவில்லை.

அடுத்தது ஆட்டம். எட்டுப் பேர், நாலு நாலாக இரண்டு அணி. வேடிக்கை என்னவென்றால் இரண்டு அணியும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளாது. இருவருக்கும் எதிரி ஒன்றே. யார் அதிகப் புள்ளி சேர்க்கிறார்கள் என்பதே போட்டி. இதில் புதிதாக வருகிறவர்களுக்கு எஃப்-22 ஃபைட்டர் மேல் ஒரு மோகம். நாலு பேரும் ஃபைட்டர் எடுத்துக்கொண்டு ஒரே விமானத்தைத் துரத்துவார்கள், நாலு ஏவுகணையும் அதற்கே போகும். கீழே டாங்கியும் கப்பலும் கேட்பாரற்றுக் கிடக்கும். மற்றவர் என்ன எடுக்கிறார் என்று பார்த்துவிட்டு, இல்லாததை எடுங்கள். மூன்று ஃபைட்டர் இருந்தால் ஏ-10 தாக்குதல் விமானம். ஆமை வேகம், பார்க்கவும் லட்சணமில்லை. ஆனால் கூட்டமாக நிற்கும் தரை இலக்குகளின் மேல் ஒரே நேர்கோட்டில் போய்வந்தால் புள்ளி கொட்டும்.

அந்த நேர்கோட்டை நான் கற்றது எங்கள் மொட்டை மாடியில். எதிரே வில்லிங்டன் தீவில் கடற்படையின் ஐஎன்எஸ் கருடா விமானதளம் 1953 முதல் இருக்கிறது. 1999-இல் நெடும்பாசேரி விமான நிலையம் வரும்வரை பயணிகள் விமானங்களும் அங்கேதான் இறங்கின. கடற்படையின் டோர்னியர் விமானம் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கடைசி நேரத்தில் வெடுக்கென்று திரும்பவே திரும்பாது. வெகு தூரத்திலேயே ஓடுபாதைக்கு நேராக வந்துவிடும், பிறகு சின்னச் சின்னத் திருத்தம்தான். குண்டு போடுவதற்கும் அதே விதி. ஏவுகணைக்கும் ஏறக்குறைய அதுதான்: குறுக்கே ஓடும் விமானத்தின் மேல் விட்டால் தவறும், வாலுக்கு நேராக வந்தபின் விட்டால் பிடிக்கும்.

இணைப்பு பற்றி ஒரு வார்த்தை. சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள் கரையேறிய ஊர் கொச்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கேபிள் சுற்றிப் போகும் வழியில் பிரேசிலுக்குப் போய்வரக் கால் நொடியாவது ஆகும். ஆக, திரையில் தெரியும் கூட்டாளி கொஞ்சம் பழைய கூட்டாளி. அவர் துரத்தும் இலக்கு இந்நேரம் விழுந்திருக்கும். அதை விட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

துலாம் மாதத்துச் சாயங்கால இடி இன்னொரு எதிரி. பக்கத்து வீட்டுச் சேட்டன் வாசலில் நின்று, "மோனே, இடி வருன்னுண்டு, ஊரிக்கோ" என்று குரல் கொடுப்பார். கரண்டு ப்ளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, ஃபோன் வயரையும் மோடத்திலிருந்து பிடுங்க வேண்டும். மேற்குக் கொச்சியில் மோடம் செத்ததெல்லாம் பெரும்பாலும் அந்த வயர் வழியாகத்தான்.

மூடப்போவதாக அறிவிப்பு வந்தபின் என்ன செய்வது? கையில் இருக்கும் எரிபொருளை எல்லாம் கொட்டிப் பறங்கள், மிச்சம் வைத்து என்ன பயன்? செல்போனை ஸ்டூலில் நிறுத்தி டிவியைப் படம் பிடித்துவையுங்கள்; பிஎஸ்3-இல் பதிவு செய்வது சிரமம். முக்கியமாக, கூட ஆடியவர்களின் தொடர்பை கேமுக்கு வெளியே வாங்கிக்கொள்ளுங்கள். மொழி தெரியாத ஒரு ஜப்பான்காரரும் நானும் கேமில் இருந்த தயார் வாசகங்களை மட்டுமே வைத்துப் பேசிக்கொண்டோம். இன்றும் புத்தாண்டுக்கு அவரிடமிருந்து ஒரு விமானப் படம் வரும்.

2019 ஜனவரியில் 'ஏஸ் காம்பாட் 7' வந்தது. கதை அருமை, மேகங்கள் அதைவிட அருமை. ஆனால் சேர்ந்து ஆடும் அந்தப் பகுதி அதில் இல்லை, ஒருவரையொருவர் சுடுவது மட்டும்தான். எனக்கு அதில் ருசி வரவில்லை.

இன்ஃபினிட்டியில் நான் முதலில் ஓட்டியவற்றில் ஒன்று மிக்-21. நிஜ மிக்-21, 1963-இல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி ஓய்வு பெற்றது. பல ஊர்களில் பீடமேறி நிற்கிறது, போய்த் தொட்டுப் பார்க்கலாம். நாலு வருடம்கூட வாழாத கேமுக்கு அந்த வசதி இல்லை. இந்த ஆதங்கம் எனக்கு மட்டுமல்ல. 2024-இல், அதே மார்ச் 31-ஆம் தேதி, 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை மூடியதும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் தொடங்கியது. ஐரோப்பாவில் அவர்கள் மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. சர்வரை என்றைக்கும் ஓட்டிக்கொண்டே இரு என்று எந்தக் கம்பெனியையும் கேட்க முடியாது. தனியாக ஆடும் பகுதியையாவது திறந்துவைத்துவிட்டுப் போகலாமே என்பதுதான் என் கட்சி.

இப்போது புது கேம் வந்தால் முதல் வேலையாக இணைய வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்க்கிறேன். திறந்தால் சரி. திறக்காவிட்டாலும் ஆடுவேன், உள்ளே ஒரு ரூபாய் போடமாட்டேன்.