நியாண்டர்தால் மனிதரும் நம் முன்னோரும்

நியாண்டர்தால் மனிதர் நம் முன்னோருள் ஒரு சாராரா, அன்றி வழித்தோன்றல் எவரையும் விட்டுச்செல்லாது மறைந்த பிறிதோர் இனத்தாரா? இவ்வினாவுக்கு விஞ்ஞானம் அளித்த விடை அண்மைக்காலத்தில் மாறியுள்ளது. மாறிய விதம் ஆசிரியர்கள் அறியத்தக்கது.

1856-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் நியாண்டர் பள்ளத்தாக்கில், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குகையொன்றில் சில எலும்புகள் கிடைத்தன. தடித்த புருவமேடும் தாழ்ந்த மண்டையோடும் உடைய அம்மனிதருக்கு அப்பள்ளத்தாக்கின் பெயரே வழங்கலாயிற்று. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்த அவர்கள், சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தனர். ஆப்பிரிக்காவினின்று பரவிய நம் இனத்தார் அதற்கு முன்னரே அப்பகுதிகளை அடைந்திருந்தனர்.

1997-இல் அதே எலும்புகளினின்று டி.என்.ஏ. பிரித்தெடுத்து ஆராயப்பட்டது. அது இக்கால மனிதர் எவரிடமும் காணப்படாத வகையினதாக இருந்தது. ஆகவே இவ்விரு இனத்தாரும் கலக்கவில்லை எனப் பலர் முடிவு செய்தனர்.

ஆனால், அன்று ஆராயப்பட்டது மைட்டோகாண்டிரியா எனும் நுண்ணுறுப்பின் டி.என்.ஏ. மட்டுமே; அது தாய்வழியாகவே இறங்குவது. ஒரு பெண்மணிக்குப் புதல்வர் மட்டுமே பிறப்பின், அவர் வழியில் அது அப்புதல்வரோடு முடிவுறும், பேரக்குழந்தைகளிடம் இராது. எனினும், உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. வாயிலாக அவருடைய பங்கு அவர்களிடம் தொடரும்.

2010-இல் ஸ்வான்டே பேபோவும் அவருடைய குழுவினரும், குரோஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த மூன்று எலும்புத் துண்டுகளினின்று உட்கரு டி.என்.ஏ.வை ஆராய்ந்தனர். கலப்பு நிகழ்ந்தது புலனாயிற்று. இந்தியர் உட்பட, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடம் நியாண்டர்தால் பங்கு சுமார் 2 சதவீதம் உள்ளது. ருமேனியக் குகையொன்றில் கிடைத்த, ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பழமையான தாடையெலும்பு 2015-இல் மேலும் தெளிவு தந்தது: அதற்குரியவரின் நான்கு முதல் ஆறு தலைமுறைக்கு முந்திய மூதாதை ஒருவர் நியாண்டர்தாலரே.

1997-ஆம் ஆண்டின் ஆய்வு பிழையன்று. அதினின்று பெறப்பட்ட முடிவே சான்றின் எல்லையைக் கடந்தது. கரும்பலகையில் இரு கிளைகளை வரையும் ஆசிரியர், அவற்றிடையே மெல்லிய இணைப்புக் கோடொன்றையும் வரைதல் வேண்டும். கள ஊழியர்களும், புதைபொருளாகக் கிடைக்கும் எலும்பு சிறு துண்டாயினும் வெறுங்கையால் தொடாதிருத்தல் நன்று. தொட்டவரின் டி.என்.ஏ. படிந்து, பண்டைச் சான்றைக் குழப்பிவிடும்.