சிறுவர்க்கு நாட்டு வரலாறு எழுதுவது எங்ஙனம்?



வரலாறு என்றால் அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யும் பாடம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அதனைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்குமாறு எழுத இயலுமா? இயலும் என்பதற்குப் பண்டித நேரு நல்லதொரு சான்றாவார்.

1928ஆம் ஆண்டுக் கோடையில், பத்து வயதுச் சிறுமியான அவர்தம் மகள் இந்திரா முசூரி மலையில் தங்கியிருந்தார். அலகாபாத்திலிருந்த தந்தையார், உலகம் தோன்றிய வரலாற்றையும் ஆதி மனிதரின் வாழ்வையும் கடிதங்களாக எழுதி அனுப்பினார். அவை 1929இல் நூலாக வெளிவந்தன. பின்னர், 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்தவாறே மேலும் 196 கடிதங்கள் எழுதினார். சிறையில் அவருக்கு நூலகம் ஏது? தாம் படித்தவற்றிலிருந்து எடுத்து வைத்திருந்த குறிப்புகளே பெருந்துணையாயின. அக்கடிதங்கள் 1934இல் உலக வரலாற்று நூலாக மலர்ந்தன.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து தொடங்குதல். வழவழப்பான ஒரு கூழாங்கல்லைக் காட்டி, அது மலையிலிருந்து ஆற்றில் உருண்டு வந்த கதையை அவர் விளக்குகின்றார். இரண்டாவது, எதிரில் ஒரு குழந்தை அமர்ந்திருப்பதாக எண்ணி எளிமையாகப் பேசுதல். மூன்றாவது, அரசர்களோடு நில்லாது, உழைக்கும் மக்களின் வாழ்வையும் கூறுதல்.

இனி, நம் கம்போங் ராஜாவைச் சற்று நோக்குவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்பார் நில அளவைக்காக இம்மலைப் பகுதிக்கு வந்தார். அதற்கு முன்னரே பூர்வகுடி மக்கள் இங்கு வாழ்ந்து வந்தனர். 1929இல் போ தேயிலைத் தோட்டம் நிறுவப்பட்டது. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்குத் தொழிலாளர் வந்துகொண்டிருந்த காலம் அது. 1938இல் இந்திய அரசு அம்முறையைத் தடை செய்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பலர் மாண்டனர். 1957இல் நாடு விடுதலை பெற்றது.

ஆண்டுகள் நூல்களில் உள்ளன. ஆனால், நம் பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்? முதன்முதலில் எந்த லயத்தில் குடியிருந்தார்? பனிக் குளிரில் கொழுந்து பறித்தபோது குழந்தையை யாரிடம் விட்டுச் சென்றார்? இவற்றை எந்த நூலில் தேடுவது? எழுதி வைக்கப்படாத செய்தியை எத்துணைப் பெரிய ஆசிரியரும் தம் நூலிற் சேர்க்க இயலாதன்றோ! முதியோர் ஒவ்வொருவராக மறையும்போது, அவர்தம் வரலாறும் மறைந்து போகின்றது.

ஆகவே மாணவர்களே, இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேடு எடுங்கள். தாத்தா பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் சொன்னவாறே எழுதுங்கள்; கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. மற்றொருவரிடமும் கேட்டு ஒப்பிடுங்கள். மலாய், சீன அண்டை வீட்டாரின் கதையையும் கேளுங்கள். நாட்டு வரலாறு அனைவர்க்கும் உரியது.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது, "அதெல்லாம் எதற்கு?" என்று தள்ளிவிடாதீர்கள். நாளை நம் நாட்டின் வரலாற்றைச் சிறுவர்க்கு எழுதப் போகிறவரிடம் அக்குறிப்பேடு சேரக்கூடும்.