சிலம்பமா, கராத்தேயா? ஆனையூரில் பிள்ளையைச் சேர்க்கும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மதுரை ஆனையூர் ஹவுசிங் போர்டு பக்கமோ கூடல்நகர் பக்கமோ சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். காலி மனையில் கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்கும். மொட்டை மாடியில் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டே குத்துவார்கள். கரண்ட் கம்பத்தில் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று பேனர் தொங்கும். வகுப்புக்குப் பஞ்சமே இல்லை. எதில் சேர்ப்பது என்பதில்தான் பெற்றோர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஏமாந்தவர்கள் பெரும்பாலும் அலமாரியில் இருந்த கப்புகளைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள். பயிற்சி நடக்கும் ஒரு மணி நேரத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டியவர்கள் அநேகமாகத் தப்பித்துவிட்டார்கள். கீழே இருக்கும் எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதைப் பற்றியதுதான். பெரியவர்கள் தங்களுக்காகச் சேர்ந்தாலும் இதே கணக்குத்தான்.

செய்ய வேண்டியவை

• எதற்காகக் கற்கிறீர்கள் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஒலிம்பிக் கனவு என்றால் டேக்வாண்டோ, ஜூடோ, பாக்ஸிங் பக்கம் போக வேண்டும். டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டு. கராத்தே டோக்கியோவில் ஒருமுறை வந்தது, 2024 பாரிஸில் இல்லை. சிலம்பம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் தமிழக அரசு வேலைகளுக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்கு இடம் உண்டு. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. உடம்பு நன்றாக இருந்தால் போதும் என்கிறீர்களா? வீட்டுக்குப் பக்கத்தில் எது ஒழுங்காக நடக்கிறதோ அதுவே சரி.

• இன்று சாயங்காலமே போய், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முழு வகுப்பைப் பாருங்கள். ‘டெமோ கிளாஸ்’ என்று அழைத்துக் காட்டுவது உங்களுக்காகப் போட்ட மேடை. சாதாரண செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் உண்மை தெரியும். வாத்தியார் வந்தாரா, சீனியர் பையனை விட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தாரா? உடம்பைச் சூடுபடுத்தும் பயிற்சி பத்து நிமிடமாவது நடந்ததா? ஒரு கம்புக்கும் அடுத்த கம்புக்கும் இடைவெளி இருந்ததா? கடைசி வரிசையில் தடுமாறும் குண்டுப் பிள்ளையிடம் யாராவது போய் நின்றார்களா? கெட்டிக்காரப் பையனை வைத்து எந்த வகுப்பையும் எடைபோடாதீர்கள். அந்தக் கடைசிப் பிள்ளையைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

• சிலம்பம் என்றால் காலடியில் ஆரம்பிக்கிறார்களா என்று கேளுங்கள். வணக்கம், காலடி, பிறகு சுற்று, வீச்சு, தடுப்பு, அதன்பின் தொடுமுறை என்று படிப்படியாகப் போனால்தான் கால் தானாகத் தடம் பிடிக்கும். முதல் வாரமே இரட்டைக் கம்பு கொடுத்து வீடியோ எடுத்து அனுப்பும் வகுப்பில் கை மட்டும்தான் பழகும். எதிரில் ஆள் நின்றால் கால் பின்னும்.

• கம்பை ஆளுக்கு ஏற்ப அளந்து வாங்குங்கள். தரையிலிருந்து புருவம், நெற்றி உயரம் என்பது பழைய கணக்கு. பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். அண்ணன் கம்பைத் தம்பிக்குக் கொடுத்தால் தோள்பட்டைதான் வாங்கிக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பிரம்பு லேசாக இருக்கும். மூங்கில் வாங்கினால் கணுக்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் சிலாம்பு உள்ளங்கையில் ஏறும்.

• வாத்தியாரிடம் அவருடைய ஆசான் யார், எத்தனை வருடம் கற்றார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல ஆசானுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், உட்கார வைத்துக் கதை சொல்வார். கோபித்துக்கொண்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

• மாதக் கட்டணம் தவிர மற்றச் செலவுகளையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். யூனிஃபார்ம், பெல்ட் டெஸ்ட், போட்டி நுழைவுக் கட்டணம், பயணம், ஷீல்டு என்று ஒவ்வொன்றாக வரும். வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் முழுக் கணக்கும் வெளியே வந்துவிடும்.

• டேக்வாண்டோ பிளாக் பெல்ட் என்றால் குக்கிவான் சான்றிதழா என்று பாருங்கள். கொரியாவில் இருக்கும் அந்த அமைப்பு தருவதைத்தான் உலகம் முழுக்க ஏற்கிறார்கள். 15 வயதுக்குக் கீழே ‘டான்’ என்ற பெரியவர் நிலை கிடையாது, சிறுவர்களுக்கான ‘பூம்’தான். பத்து வயதுப் பிள்ளைக்கு டான் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கே விவரம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

• போட்டிக்குப் பணம் கட்டுமுன் நடத்துவது எந்தச் சங்கம், அதற்கு யார் அங்கீகாரம் தந்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கராத்தேயில் உலகக் கூட்டமைப்பே 2020-இல் இந்தியாவின் அன்றைய தேசியச் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்தியது. மேலே அப்படி என்றால் கீழே எத்தனை ‘நேஷனல்’ இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. “இந்தச் சான்றிதழுக்கு எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்கள்?” என்று ஒரே கேள்வி போதும்.

• ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் எந்தச் சங்கம் கணக்கில் உள்ளது, எந்தப் போட்டி செல்லும் என்பதைச் சொல்லும். கோடை விடுமுறையில் பயிற்சி முகாமும் நடத்துகிறார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளின் விவரமும் அங்கேயே கிடைக்கும். தெருப் பேனரை நம்புவதற்கு முன் இந்த அரை நாள் அலைச்சல் வீண் போகாது.

• ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு எதுவானாலும் வாத்தியாரிடம் சொல்லுங்கள். மறைத்தால் அவசரத்தில் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. டெட்டனஸ் ஊசியையும் சரிபாருங்கள். வெறுங்காலில் ஆடும் மண்ணில் நெருஞ்சி முள்ளும் உண்டு, பாட்டில் கண்ணாடியும் உண்டு.

• சிலம்பத்தின் தொடுமுறை, கராத்தேயின் குமித்தே என ஆளோடு ஆள் மோதும் ஆட்டம் எதுவானாலும் ஹெல்மெட், மார்புக் கவசம், பல் கவசம், ஆண்பிள்ளைகளுக்கு அடிவயிற்றுக் கப் இருந்தால்தான் இறக்குங்கள். “நாங்கல்லாம் இதெல்லாம் போட்டா ஆடினோம்?” என்று கேட்கும் பெரியவர்களின் விரல்களைப் பாருங்கள், ஒன்றிரண்டு கோணலாக இருக்கும்.

• தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்துங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். பார்வைக்குச் சரியாகிவிட்டாலும் டாக்டர் சொல்லும்வரை கம்பைத் தொட விடாதீர்கள். முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் பெரிய ஆபத்து.

• பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற வகுப்பையே தேர்ந்தெடுங்கள். நிலையைத் திருத்தத் தொட்டுத்தான் சொல்லித்தர வேண்டிய கலை இது; ஆகவே எங்கே, எப்படித் தொடுவார்கள் என்பது எல்லோர் கண்முன்னும் இருக்க வேண்டும். பிள்ளை திடீரென்று “போக மாட்டேன்” என்றால் திட்டாமல் காரணம் கேளுங்கள். தப்பாக ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள். போக்சோ சட்டத்துக்கு வாத்தியார் என்றும் சென்சாய் என்றும் வித்தியாசம் கிடையாது.

செய்யக்கூடாதவை

• ‘உலக சாதனை’க்குப் பணம் கட்டாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேர் விழும் குழி இதுதான். நூற்றுக்கணக்கில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி மணிக்கணக்கில் கம்பு சுற்ற வைப்பார்கள். பானை மேல் நிற்க வைப்பார்கள், ஆணிப் பலகையில் நிற்க வைப்பார்கள், கண்ணைக் கட்டிவிடுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும். கடைசியில் பளபளவென்று ஒரு சான்றிதழ், ஒரு மெடல், கட்சிக்காரர் ஒருவரோடு போட்டோ. அந்தக் காகிதத்தை எந்த விளையாட்டு ஒதுக்கீட்டிலும் நீட்ட முடியாது. ஆசைப்பட்ட பிள்ளைக்கு இரண்டு நாள் தோள் வலி மிச்சம். ‘சாதனை’யில் சேராத பிள்ளையை ஓரங்கட்டும் வகுப்பு என்றால் அந்த மாதத்தோடு நின்றுவிடுங்கள்.

• ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட் என்ற விளம்பரத்தின் பக்கமே போகாதீர்கள். ஒழுங்காகப் போனால் சில வருடம் ஆகும். சீக்கிரம் வாங்கிய கறுப்பு பெல்ட் முதல் போட்டியிலேயே சாயம் போகும்.

• ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். வாடகை மாடியில் நடக்கும் வகுப்பு நாளைக்கே இடம் மாறலாம்.

• டியூப்லைட், ஓடு, செங்கல் உடைக்கவோ, வயிற்றின் மேல் பைக் ஏற்றவோ சம்மதிக்காதீர்கள். அது கலை இல்லை, கைதட்டலுக்குச் செய்யும் வித்தை. வளரும் எலும்பில் விழும் அடி அன்றைக்குத் தெரியாது. டியூப்லைட் உடைந்தால் கண்ணாடித் தூளோடு பாதரசமும் பறக்கும்.

• தீப்பந்தம் சுற்றப் பிள்ளைகளை விடாதீர்கள். மண்ணெண்ணெய் சொட்டும், நைலான் துணி உடம்போடு ஒட்டும். பெரியவர்கள் ஆடினாலும் பருத்தித் துணி, ஈரச் சாக்கு, பக்கத்தில் ஆள் இல்லாமல் கூடாது.

• கம்பு கைக்குப் பழகுமுன் சுருள்வாளைத் தொட விடாதீர்கள். வளையும் தகடு அது. வீசியவர் மேலேயே திரும்பி வரும். கூர்மையான ஆயுதத்தோடு ஊர்வலம் போவதென்றால் போலீஸ் அனுமதியையும் விசாரிக்காமல் இறங்காதீர்கள்.

• வார விடுமுறையில் வர்மம் கற்றுத்தருகிறேன் என்பவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள். தென்கோடி ஊர்களில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையோடு சேர்த்து வருடக்கணக்கில், வைத்தியமும் கூடவே கற்றுக்கொடுக்கும் பாடம் அது. யூடியூப் பார்த்துப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கழுத்தில் அழுத்திப் பார்க்கிறார்கள், இன்றைக்கே தடுத்துவிடுங்கள்.

• தண்ணீர் குடிக்க விடாத வகுப்பில் ஒரு நாளும் தொடராதீர்கள். சித்திரை வெயிலில் மதுரை மண் ஆறு மணிக்கும் கொதிக்கும். தாகத்தை அடக்கினால் வீரம் வராது, மயக்கம்தான் வரும்.

• போட்டிக்கு எடை குறைக்கப் பட்டினி போடாதீர்கள். ஒரு கிலோவுக்காகப் பிள்ளையைச் சாப்பிடாமல் ஓட வைப்பதைவிட, மேல் எடைப் பிரிவில் ஆடித் தோற்கட்டும்.

• அடித்தால்தான் வித்தை வரும் என்பதை ஏற்காதீர்கள். தப்பாகச் சுற்றியதற்குக் கம்பால் முதுகில் விழுந்தது என்றால் அது பாடத்தில் சேர்த்தியில்லை. “அந்தக் காலத்தில்” என்று யார் ஆரம்பித்தாலும் சரி.

• திருவிழாக் கூட்டத்துக்குள் பிள்ளையை ஆட இறக்காதீர்கள். கயிறு கட்டி ஒதுக்கிய களம், ஒரு பெரியவர் காவல், குடிக்காத ஆட்கள், மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். மேளம் ஏற ஏறக் களம் சுருங்குவதை எல்லாத் திருவிழாவிலும் பார்க்கிறோம்.

• மூன்று நாள் ‘செல்ஃப் டிஃபென்ஸ்’ முகாமை நம்பி இருட்டில் போகாதீர்கள். கையை உதறிவிட்டு ஓடுவது, கத்திக் கூப்பிடுவது, 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழைப்பது, இவற்றைச் சொல்லாத முகாம் பாதி முகாம்.

• கற்ற வித்தையைத் தெருச் சண்டையில் காட்டாதீர்கள், பிள்ளைக்கும் காட்டச் சொல்லித்தராதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போனால் அந்தப் பாதுகாப்பு நிற்காது. எதிராளி கீழே விழுந்த பிறகு நீங்கள் கொடுக்கும் அடி உங்கள் மேல் வழக்காகத் திரும்பும்.

• சிலம்பம், கராத்தே, பாக்ஸிங் என்று மூன்றில் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள். ஒன்றில் ஒரு வருடம் நிற்கட்டும். பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் மாறினான் என்பதற்காக மாற்றாதீர்கள்.

• மொட்டை மாடி வகுப்பில் கைப்பிடிச் சுவர் பிள்ளையின் மார்பு உயரத்துக்குக் கீழே இருந்தால் சேர்க்காதீர்கள். கம்பு சுற்றுபவர்கள் பின்னால் அடிவைப்பார்கள், சுவரைப் பார்க்க மாட்டார்கள். மேலே போகும் கரண்ட் ஒயரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.