தொட்டுப் பார்க்க ஒரு கூடம்: கட்சால் தீவில் அமைப்பது எப்படி?

அருங்காட்சியகத் திட்டம் என்றால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை வந்து உட்கார்ந்துகொள்ளும். நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் யாரும் நிக்கோபார் தீவுகளில் கால் வைக்க முடியாது. இந்தியக் குடிமக்களுக்கும் இதே விதிதான். 2000-ஆம் ஆண்டுப் பிறப்பன்று ‘புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம்’ என்ற விளம்பரத்தோடு கட்சாலின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது, பிறகு அடங்கிவிட்டது. ஆகவே இங்கே ஒரு கூடம் எழுந்தால், அதற்குள் வரப்போகிறவர்கள் தீவுக்காரர்கள்தான். 2001 கணக்கெடுப்பில் அவர்கள் 5,312 பேர். 2011-ல் 2,685 பேர். இடையில் நடந்தது 2004 டிசம்பர் 26 சுனாமி.

ஒரு வகையில் இது வடிவமைப்பவருக்கு வசதி. தெரியாத ஊர்க்காரருக்குத் தீவை விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சலிப்பு சீக்கிரம் வரும். அதே குழந்தை அடுத்த வாரமும் வருவாள். ஒருமுறை பொத்தானை அழுத்திப் படம் பார்த்ததோடு முடிந்துபோகும் காட்சி இங்கே ஒரு மாதம்கூடத் தாங்காது. ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் செய்து பார்க்க இடம் கொடுப்பதே நிற்கும்.

முதல் வேலை: கேட்பது

பொருள் சேகரிக்கப் புறப்படாதீர்கள். ஊர்த் தலைவரான ‘கேப்டனிடமும்’ பழங்குடி மன்றத்திடமும் போய், எதைக் காட்டலாம் என்று கேட்பதற்கு முன்னால் எதைக் காட்டக் கூடாது என்று கேளுங்கள். நோயையும் கெட்ட ஆவிகளையும் விரட்டுவதற்காக கட்சாலும் அடங்கிய நன்கவுரித் தீவுக் கூட்டத்தில் செதுக்கி வீட்டில் நிறுத்திய மர உருவங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கின்றன. அவற்றைப் போல ஒன்றைச் செய்து குழந்தைகள் திருகி விளையாடும் பொம்மையாக வைப்பது வடிவமைப்பாளருக்குச் சட்டென்று தோன்றும் யோசனை. தோன்றியதும் கைவிட வேண்டிய யோசனையும் அதுதான்.

அடுத்து தமிழ்க் குடும்பங்கள். 1964-ல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்தை விட்டு வந்தவர்களில் சில குடும்பங்கள் கட்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. அந்த வீடுகளின் முதியவர்களை ‘தகவலாளி’ ஆக்கிவிட்டு ஒலிப்பதிவோடு திரும்பிவிடக் கூடாது. கூடத்தில் வாரம் ஒருநாள் நின்று செய்துகாட்ட அவர்களில் ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். பட்ஜெட்டில் தொடுதிரைக்கு வைத்திருக்கும் தொகை இதற்குப் போதும்.

என் கணக்கில் ஒரு பள்ளி வகுப்பறை அளவுள்ள கூடத்துக்கு நான்கு காட்சிகள் போதும்: ரப்பர், அலை, ஹோடி எனும் பக்க மிதவைப் படகு, சூரியன்.

அட்டையில் செய்து பாருங்கள்

சான் பிரான்சிஸ்கோவில் 1969-ல் பிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் பட்டறை பார்வையாளர் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருந்தது. காட்சிகள் அங்கே உருவாகி, மக்கள் நடுவில் சோதிக்கப்பட்டு, மறுபடி பட்டறைக்குப் போகும். அவற்றைச் செய்யும் முறையை மற்றவர்களும் பின்பற்றும்படி சமையல் குறிப்பு போலப் புத்தகமாகவும் போட்டார்கள். நம் நாட்டில் கல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-லேயே காட்சிகளை வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. பிரித்து ஏற்றி, இறக்கிப் பூட்டும்படி காட்சிகளைச் செய்யும் அந்தப் பழக்கம்தான் கப்பலை நம்பியிருக்கும் தீவுக்குப் பொருந்தும்.

ஆகவே ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) தச்சரிடம் போவதற்கு முன், அட்டை, கயிறு, பழைய வாளி இவற்றைக்கொண்டு ஒரு மாதிரி செய்து பள்ளியில் வையுங்கள். எதையும் விளக்காமல் ஓரமாக நின்று, கை முதலில் எங்கே போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வரும் பிள்ளைகள் ஒரே இடத்தில் தடுமாறினால் குறை வடிவமைப்பில் இருக்கிறது. அதை விளக்கப் பலகை எழுதிச் சரிக்கட்ட முடியாது.

ரப்பர் மேசை

பால் வெட்டும் கத்தியைக் குழந்தை கையில் கொடுக்க முடியாது. ஆனால் வெட்டின் சூட்சுமத்தைக் கொடுக்கலாம். ரப்பர் மரத்தின் பட்டையில் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை. மேலே போகப் போக வலப்பக்கம் லேசாகச் சாய்கின்றன. அதனால்தான் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 டிகிரி சரிவில் போகிறது. அப்போது அதிகக் குழாய்கள் அறுபடும்.

இதைக் காட்ட ஓர் உருளைக் கட்டையின் மேல் வெள்ளை நூல்களை நெருக்கமாக, வலப்பக்கம் சாய்த்து ஒட்டுங்கள். மேலே ஒரு வளையும் தகடு. அதை இரண்டு பக்கமும் சாய்க்கலாம். எந்தச் சாய்வில் அதிக நூல் தகட்டுக்கு அடியில் வருகிறது என்று குழந்தை எண்ணட்டும். உண்மையான சாய்வு சில டிகிரிகள்தான். அந்த அளவில் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. 15 டிகிரிக்கு மிகைப்படுத்தலாம். மிகைப்படுத்தியிருக்கிறோம் என்று பலகையில் எழுதிவிட வேண்டும். பால் வெட்டிய பாட்டி ஒருவர் பக்கத்தில் நின்றால், பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்மரத்தில் கத்தி பட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

இரண்டாவது, பால் உறைவது. ஆலையில் ஃபார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். வினிகரே பாலை உறைய வைக்கும். இதைச் செய்துகாட்டுவது பெரியவர் வேலையாக மட்டும் இருக்கட்டும். ரப்பர் பால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும்.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. ஒரு நீண்ட ரப்பர் பட்டையில் எடையைத் தொங்கவிட்டுப் பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். வெந்நீரில் நனைத்த துணியைப் பட்டையில் சுற்றினால் எடை மேலே ஏறும். சூடு பட்டால் எல்லாம் நீளும் என்று பாடத்தில் படித்த பிள்ளை இங்கே சற்று நேரம் நிற்கும். இழுத்துக் கட்டிய ரப்பர் சூட்டில் சுருங்கும்.

அலைத் தொட்டி

இதில் அவசரம் கூடாது. கட்சாலில் கடலுக்கு ஆளைப் பறிகொடுக்காத குடும்பம் அரிது. மினியேச்சர் வீடுகளை அடுக்கி, நெம்புகோலை இழுத்து அலையால் அடித்துச் செல்லவிடும் காட்சிகள் உலகத்தில் சில இடங்களில் உண்டு. இங்கே அப்படி எதுவும் வேண்டாம். வீடும் வேண்டாம், பொம்மை மனிதரும் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் தொட்டியே வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வைக்கச் சம்மதித்தால், காட்ட வேண்டியது அலையின் வேகம். 3 மீட்டர் நீளத்தில் இரண்டு தொட்டிகளைப் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒன்றில் 10 செ.மீ. தண்ணீர், மற்றதில் 2.5 செ.மீ. ஒரே கைப்பிடியில் இணைத்த இரண்டு பலகைகளால் இரண்டு தண்ணீரையும் ஒரே நேரத்தில் ஒரு தள்ளு தள்ளினால், ஆழமான தொட்டியின் அலை ஏறக்குறைய 3 விநாடியில் மறுமுனையைத் தொடும். மற்றது 6 விநாடி எடுத்துக்கொள்ளும். ஆழம் கால் பங்கானால் வேகம் பாதியாகும். இதே கணக்கில் 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கரையை நெருங்கும்போது முன்பக்கம் தயங்க, பின்பக்கம் வந்து முட்டி, உயரம் கூடுகிறது. அதைக் காட்ட ஒரு முனை மேடாக ஏறும் மூன்றாவது தொட்டி வேண்டும். இதற்கு மட்டும் ஒரு பக்கம் அக்ரிலிக் தகடு போடுங்கள்.

தொட்டிகளைக் கடல் ஒட்டுப்பலகையில் செய்து உள்ளே ஃபைபர் பூச வேண்டும். ஃபைபர் படகு ஒட்டத் தெரிந்தவர் தீவிலேயே கிடைப்பார்; ஒழுகினால் அவரே அடைத்துவிடுவார். ரசமட்டம் வைத்துச் சமன் பாருங்கள். 2.5 செ.மீ. தண்ணீரில் ஒரு செ.மீ. சாய்வு இருந்தால் கணக்கே பொய்யாகிவிடும். மாலையில் தண்ணீரை மூடியுள்ள டிரம்முக்கு இறக்கிவிடுங்கள். திறந்த தொட்டி என்றால் கொசுப்பண்ணைதான்.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் தீவின் பெரிய வரைபடம். தன் வீட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியைக் குழந்தை நூல் கட்டிக் காட்ட வேண்டும். நூலின் நீளத்தைக் கொண்டு எத்தனை நிமிட நடை என்று பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது, உண்மை. ஆனால் நிலநடுக்கப் பிளவு நிக்கோபாருக்கு மிக அருகில் இருக்கிறது. பலமாக, நெடுநேரம் பூமி ஆடினால் சங்கொலிக்குக் காத்திராமல் ஏறிவிட வேண்டும் என்பதை இந்த நூல்தான் சொல்லிக்கொடுக்கும்.

ஹோடியும் சூரியனும்

ஹோடிக்கு ஒரு அகலத் தொட்டியும் இரண்டு மரப் படகு மாதிரிகளும் போதும்: ஒன்றில் பக்க மிதவை உண்டு, மற்றதில் கழற்றி மாட்டலாம். படகு கவிழும்வரை ஒரு ஓரத்தில் கூழாங்கற்களை வைப்பதுதான் விளையாட்டு. மிதவையின் தூரத்தை மாற்றக் குச்சியில் மூன்று துளைகள். பாரத்துக்குச் சங்கும் பவளமும் வேண்டாம். பலவற்றை வைத்திருப்பதே வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். மாதிரிகளை ஹோடி கட்டுபவரிடமே செய்யச் சொல்லுங்கள். வெளியூர்த் தச்சர் செய்த ஹோடியில் தீவுப் பிள்ளைகள் முதல் நிமிடத்திலேயே குறை கண்டுபிடிப்பார்கள்.

சூரியனுக்கு இருட்டிய ஒரு மூலை, சாய்த்து நிறுத்திய உலக உருண்டை, ஒரு டார்ச். கேள்வி: யாருக்கு முதலில் விடியும்? ஜனவரித் தொடக்கத்தில் கட்சாலில் சூரியன் அருணாசலப் பிரதேசத்தின் டோங்கைவிட இருபது நிமிடத்துக்கும் மேலாக முந்தி எழும். ஜூனில் டோங் முந்திக்கொள்ளும். அச்சு சாயும் திசையைக் கையால் மாற்றினால் இது விளங்கிவிடும். கூர்ந்து பார்க்கும் பிள்ளை ஒன்றையும் கண்டுபிடிக்கும்: ஜனவரியிலும் பெரிய நிக்கோபாரின் தென்முனை கட்சாலைச் சில நிமிடம் முந்துகிறது. 2000-ஆம் ஆண்டு விளம்பரத்தைப் பற்றி அது கேள்வி கேட்டால் கூடம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

உப்பு, ஆணி, உயரம்

நிக்கோபாரில் இரண்டு பருவமழையும் பெய்யும். காற்றில் எப்போதும் உப்பு. சாதாரண இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். எவர்சில்வர் என்று கடைக்காரர் கொடுக்கும் 304 ரகமும் கடலோரத்தில் கறை பிடிக்கும். 316 ரகம் கேளுங்கள். எல்லாக் காட்சியிலும் ஒரே அளவு போல்ட் போடுங்கள், ஒரே ஸ்பேனர் போதும்படி. பசை போட்டு ஒட்டிய எதையும் தீவில் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது. மின்சாரம் இல்லாமல் இயங்காத காட்சி ஒன்றுகூட வேண்டாம். டார்ச்சுக்குச் சூரியத் தகட்டில் ஏற்றிய பேட்டரி போதும். பெட்டிகளை நான்கு பேர் தூக்கிப் படகில் இறக்கும் எடைக்குமேல் கட்டாதீர்கள். கிரேன் இருக்கும் என்று எண்ணி வரைந்த படம் ஜெட்டியிலேயே தோற்றுவிடும்.

மேசை உயரம் சிறு பிள்ளைகளுக்கு 60 செ.மீ. சக்கர நாற்காலி நுழைய அடியில் 70 செ.மீ. இடைவெளி வேண்டும், ஆகவே இரண்டு உயரங்களில் மேசை.

வெளியே விளையாட்டு இடத்துக்குப் பெங்களூரின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் செய்வது போலப் பழைய டயர்களைப் பயன்படுத்தலாம். ரப்பர்த் தீவுக்குப் பொருத்தமும்கூட. ஒவ்வொரு டயரின் அடியிலும் துளை போட்டால்தான் மழைத்தண்ணீர் தேங்காது. கம்பிகளுக்கும் பலகைகளுக்கும் நடுவே 89 முதல் 230 மி.மீ. வரையுள்ள இடைவெளி வரவே கூடாது; உடல் நுழைந்து தலை சிக்கும் அளவு அது. 8 முதல் 25 மி.மீ. விரலுக்கு ஆபத்து. ஏறும் உயரம் 1.5 மீட்டருக்குள் இருக்கட்டும். அடியில் 30 செ.மீ. கனத்துக்கு உதிரி மரச்சிராய் போட்டு மாதம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கடற்கரை மணலை அள்ளிப் போடலாமே என்பார்கள். சட்டம் இடம் கொடுக்காது. மணல் ஈயும் கூடவே வரும்.

பலகைகள்

மூன்று மொழிகள்: நிக்கோபாரி, தமிழ், இந்தி. நிக்கோபாரியைத் தீவில் எழுதும் வழக்கப்படி ரோமன் எழுத்தில், முதலில். ஒவ்வொன்றும் 30 சொல்லுக்குள். செய்ய வேண்டியதை முதல் வரியில் சொல்லி, ஒரு கேள்வியோடு விட்டுவிடுங்கள். விடையைப் பலகையில் எழுத வேண்டாம். செய்துகாட்டுபவருக்கு அப்புறம் என்ன வேலை?

சாவி யாரிடம் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அவரிடம் ஒரு ஸ்பேனர், மாற்று போல்ட்டுகள், ரப்பர் பட்டைகள், ஃபைபர் ரெசின், ஒரு நோட்டு. எது, என்றைக்கு, எப்படி உடைந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் பார்த்து, அடிக்கடி உடையும் பாகத்தை மட்டும் மறுபடி வரைந்து, இரண்டு பிரதிகளாகச் செய்து அடுத்த கப்பலில் அனுப்புங்கள்.