பிரிக்க முடியாத ஒட்டு வேண்டாம்
பிரேம் கடை நடத்துபவர்களுக்குச் சில ஆலோசனைகள்

பிரேம் கடை மேசைக்கு ஒரே நாளில் என்னென்ன வருகின்றன என்று பாருங்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசளிக்க ஒரு முருகன் படம். மகள் வாங்கிய பட்டச் சான்றிதழ். தாத்தாவும் பாட்டியும் மணக்கோலத்தில் நிற்கும், ஓரம் பழுத்த போட்டோ. யூகேஜி குழந்தை கிரேயானில் வரைந்த யானை. முருகன் படம் கெட்டுவிட்டால் வேறொன்று வாங்கி மாட்டித் தரலாம். சான்றிதழ் கெட்டால் நகல் வாங்க அலைய வேண்டும். மற்ற இரண்டுக்கும் மாற்றே கிடையாது.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் பீடிங் எங்கே மலிவு, எந்த மெஷின் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாற்பத்தைந்து டிகிரியில் மூலை வெட்டச் சில மாதங்களில் பழகிவிடலாம். கடையை நிலைநிறுத்துவது, பிறர் பொருளைக் கையாளும் பழக்கம்தான். அதற்கு நான் சொல்லும் விதி ஒன்றே: இன்று நாம் போடும் பிரேமை, நாளை வேறொருவர் படத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும். கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

வாங்கும்போதே பாருங்கள், எழுதுங்கள்

படம் கைக்கு வந்ததும் விலை பேசத் தொடங்காதீர்கள். வெளிச்சத்தில் வைத்து, வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் பாருங்கள். கிழிசல், மடிப்பு, பூஞ்சைப் புள்ளி, தண்ணீர்க் கறை, ராமபாணப் பூச்சி அரித்த இடம் எது இருந்தாலும் அவரிடம் காட்டி ரசீதில் எழுதுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "நான் தரும்போது இந்தக் கிழிசல் இல்லையே" என்ற பேச்சு பிறகு எழாது.

பின்பக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய போட்டோக்களின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருக்கும். யாரோ ஒருவர் வரிசையாக எழுதி வைத்த பெயர்களும் இருக்கலாம். பிரேமுக்குள் போனபின் அவை கண்ணில் படாது. செல்போனில் எடுத்த அந்தப் படத்தை அச்சிட்டு பிரேமின் முதுகில் ஒட்டித் தாருங்கள். செலவு சில ரூபாய்தான். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

ரசீதில் அளவு, பீடிங் எண், கண்ணாடியின் கனம், மவுண்ட் நிறம், மொத்தத் தொகை, முன்பணம், தரும் தேதி எல்லாம் இருக்கட்டும். பழைய பிரேமும் கண்ணாடியும் திரும்ப வேண்டுமா என்று கேட்டு அதையும் குறியுங்கள். அவை அவருடைய பொருள். இன்று கிடைப்பதற்கரிய பர்மா தேக்காகக்கூட இருக்கலாம். கேட்காமல் ஓரமாக எறிந்துவிட உங்களுக்கு உரிமை இல்லை.

சட்டமும் இந்தக் கவனத்தைத்தான் எதிர்பார்க்கிறது. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை, அதே போன்ற தன் பொருளை விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆவது பிரிவு. அவ்வளவு கவனம் எடுத்தோம் என்று காட்ட ரசீதும் செல்போன் படங்களும் நம் கையில் இருக்க வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோ

இது எல்லாக் கடைக்கும் வரும். ஓர் அம்மா பழைய பிரேமோடு நிற்கிறார். "தம்பி, இது எங்க மாமனார் மாமியார் கல்யாணப் படம். கண்ணாடி கீறிப்போச்சு. கழட்டிட்டுப் புதுசு போட்டுக் குடுங்க."

உடனே ஆணியைப் பிடுங்காதீர்கள். பிரேமை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படத்தில் சில இடங்கள் மட்டும் நனைந்தது போலக் கறுத்துப் பளபளத்தால், போட்டோ அங்கே கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவில் உருவம் இருப்பது தாளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சில். சுவரில் ஓதம் ஏறினாலும் மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுந்தாலும் ஜெலட்டின் இளகும். காயும்போது கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். நடுவில் பிளேடு விட்டு நெம்பினால் தாள் கையோடு வரும், முகம் கண்ணாடியோடு போய்விடும்.

அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "அம்மா, இதைப் பிரிச்சா முகம் கண்ணாடியிலேயே தங்கிடும். கண்ணாடியோடவே ஸ்கேன் எடுத்து, கீறலைக் கம்ப்யூட்டர்ல சரிபண்ணி, இதே அளவுல ஒரு பிரதி போட்டுத் தர்றேன். சுவர்ல அதை மாட்டிக்கங்க. அசலை அட்டை வச்சுக் கட்டித் தர்றேன், பீரோவுல பத்திரமா வையுங்க." பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பிரித்தே ஆக வேண்டும் என்பவரை, பழம்பொருள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் அனுப்புங்கள். தெரியாத வேலையை மறுப்பதால் கடையின் பெயர் கெடாது.

வெள்ளத்தில் நனைந்த போட்டோக்களுக்கு வழி வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஆல்பம் ஆல்பமாக வெயிலில் காயப்போட்டார்கள். காய்ந்ததும் ஒன்றோடொன்று கட்டியாகிவிட்டன. லேபில் கழுவிய போட்டோ ஒட்டியிருந்தால், காய்வதற்கு முன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, தானாக விடுபடும்போது எடுத்து, முகம் மேலே இருக்க நிழலில் பரப்ப வேண்டும். அன்றே முடியாதென்றால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து நேரம் வாங்கலாம். இங்க்ஜெட் பிரிண்டை மட்டும் நீரில் போடவே கூடாது, மை கரைந்துவிடும்.

இந்தத் தொல்லை வராமலே தடுக்க, போட்டோ கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் வையுங்கள். மவுண்ட் வேண்டாம் என்பவருக்கு, பீடிங்கின் உள்விளிம்பில் மறையும்படி மெல்லிய பட்டை ஒன்று வைத்து இடைவெளி தாருங்கள்.

எதை ஒட்டுவது, எதை ஒட்டக்கூடாது

ஹார்ட்போர்டில் மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் பரப்பி, முழுப் படத்தையும் அழுத்தி ஒட்டும் வழக்கம் நம் கடைகளில் உண்டு. கடையில் வாங்கிய சாமிப் படத்துக்கு அதனால் நஷ்டமில்லை. அசல் ஓவியத்துக்கும் பழைய போட்டோவுக்கும் சான்றிதழுக்கும் அதைச் செய்யாதீர்கள். காய்ந்த அந்தப் பசையை எடுக்க வழியில்லை. ஹார்ட்போர்டில் உள்ள அமிலம் வேறு தாளுக்குள் இறங்கிப் பழுப்பாக்கும். செல்லோ டேப் போட்டால் சில ஆண்டுகளில் டேப் உதிரும், மஞ்சள் கறை படத்திலேயே தங்கும்.

மாற்று வழி எளிது. அமிலமற்ற மவுண்ட் போர்டில், படத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் பட்டால் அந்தப் பசை இளகும். எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். நான்கு பக்கமும் ஒட்டாததற்கும் காரணம் உண்டு. காற்றின் ஈரத்துக்கேற்பத் தாள் விரியும், சுருங்கும். நகர இடமில்லாவிட்டால் அலை அலையாக உப்பிக்கொள்ளும். போட்டோவுக்கும் சான்றிதழுக்கும் தாளில் மடித்த மூலைப் பைகளே போதும்; பசையே தேவையில்லை.

படம் பிரேமைவிடப் பெரிதாக இருந்தால் பிரேமை மாற்றுங்கள், படத்தை நறுக்காதீர்கள். லோணாவ்ளா அருகே இயங்கிய ரவி வர்மா அச்சகத்தின் பழைய படங்களில் அச்சக விவரம் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில்தான் இருக்கிறது. கோவில்பட்டி கொண்டையா ராஜு வரைந்து காலண்டராக வந்த படங்களில் அவர் பெயர் படத்தின் அடியோரத்தில் இருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான். அரை அங்குலம் வெட்டினால் படத்தின் மதிப்பும் அதோடு போகும்.

சாக்பீஸ் போன்ற பாஸ்டல் வண்ண ஓவியத்துக்கு அக்ரிலிக் ஷீட் போடாதீர்கள். அதில் சேரும் நிலைமின்சாரம் வண்ணப் பொடியை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான் சரி. கேன்வாஸில் வரைந்த எண்ணெய் ஓவியத்துக்குப் பொதுவாகக் கண்ணாடியே தேவையில்லை. அதைச் சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டுமென்றால், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான உருளையில் சுருட்டச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் வந்தால்

பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பு வைத்து, தங்க ரேக்கும் கல்லும் பதித்த வேலை இது. மேசையில் குப்புறப் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், புடைப்பில் உள்ள பசை நீர் பட்டால் இளகும். தூசியை மென்மையான தூரிகையால் ஓரமாகத் தள்ளினால் போதும். ரேக்கு தூக்கியிருந்தாலோ கல் ஆடினாலோ, ஓவியம் வரையும் ஆசாரியிடம் அதைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லி, பிறகு பிரேம் போடுங்கள். கண்ணாடிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி, மிக உயரமாக நிற்கும் கல்லைத் தாண்டியிருக்க வேண்டும்.

எடையையும் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ இருக்கும். நான்கடிக்கு மூன்றடி ஓவியத்துக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே எட்டு கிலோவைத் தாண்டும். பலகையும் தேக்குப் பிரேமும் சேர்ந்தால் ஒற்றை ஆணி தாங்காது. பிரேமின் பக்கச் சட்டங்களில் திருகாணி போட்டு இரண்டு கொக்கி வையுங்கள். சுவரில் டிரில் போட்டுப் பிளக் செருகி இரண்டு இடத்தில் மாட்டச் சொல்லி, அந்த இடைவெளியை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

வெளிநாட்டுக்கு எடுத்துப்போகப் போகிறேன் என்று பழைய ஓவியத்தோடு ஒருவர் வந்தால் அதன் வயதைக் கேளுங்கள். நூறு ஆண்டுகளை எட்டிய ஓவியம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விமான நிலையத்தில் தெரிந்து தவிப்பதைவிட, நம் கடையில் தெரிந்துகொள்வது அவருக்கு நல்லது.

துக்க வீட்டு வேலை

விடியற்காலையில் கடைக் கதவு தட்டப்படும். கையில் ஒரு ரேஷன் கார்டு போட்டோவோ, கல்யாணக் கூட்டத்தில் நிற்கும் ஒரு சின்ன முகமோ இருக்கும். பத்து மணிக்குள் பெரிதாக்கி பிரேம் போட்டுத் தர வேண்டும், மாலை போட வேண்டும். இந்த வேலைக்கென்று ஒரு நிலையான விலை வையுங்கள்; அவசரம் என்று கூட்டாதீர்கள். தேவையான அளவில் இரண்டு மூன்று பிரேம்கள் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

தோற்றம், மறைவு தேதிகளை வாய்மொழியாக வாங்காதீர்கள். வந்தவரையே தாளில் எழுதச் சொல்லுங்கள், பெயரின் இனிஷியலோடு. அச்சிடும் முன் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அழுது களைத்திருக்கும் மனிதர் தேதியை மாற்றிச் சொல்லக்கூடும். அந்தத் தவறு வருடக்கணக்கில் அந்த வீட்டுச் சுவரில் நிற்கும். அசல் போட்டோவை உறையில் போட்டு, கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கும் கடையும்

பீடிங் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். படத்தின் சுற்றளவோடு, பீடிங் அகலத்தின் எட்டு மடங்கைக் கூட்டுங்கள். 12க்கு 18 அங்குலப் படத்துக்குச் சுற்றளவு 60 அங்குலம். ஒன்றரை அங்குல பீடிங் என்றால் இன்னும் 12 அங்குலம். ஆக 72 அங்குலம், அதாவது ஆறடி. வெட்டும்போது வீணாவதை இதற்கு மேல் சேருங்கள். பீடிங், கண்ணாடி, மவுண்ட், கூலி என்று தனித்தனியாக எழுதிக் காட்டினால், "சின்னப் படத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பவருக்கும் கணக்கு புரியும்.

கண்ணாடி வெட்டும் மேசையும் படம் வைக்கும் மேசையும் வேறு வேறாக இருக்க வேண்டும். கண்ணில் படாத ஒரு கண்ணாடித் துணுக்கு போதும், படத்தின் குறுக்கே கோடு விழ. டீ கிளாஸ் எந்த மேசைக்கும் வரக்கூடாது. வாடிக்கையாளர் படங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் படுக்கையாக வைத்து, பெயர்ச் சீட்டை அட்டைமேல் ஒட்டுங்கள். தரையில் எதையும் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, ஐப்பசிக்குள், எல்லாம் மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும்.

கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் ரப்பர் பொட்டு இருக்கிறது, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக அது வேண்டும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். பூஜையறைப் படத்துக்குச் சந்தனம் வைக்கும்போதும் அதே கவனம் வேண்டும்.

வாங்க வராத படங்கள்

எல்லாக் கடையிலும் மாதக்கணக்கில் கிடக்கும் படங்கள் உண்டு. கூலி வரும்வரை அவற்றைக் கையில் வைத்திருக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு உரிமை தருகிறது. விற்க உரிமை தரவில்லை. ஆகவே பாதிப் பணத்தை முன்பே வாங்குங்கள். இரண்டு செல்போன் எண்களைக் குறியுங்கள். ஆடி மாதம் வேலை குறைவாக இருக்கும்போது கிடப்பில் உள்ளவற்றை எடுத்துப் பார்த்து ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். எடுத்துப்போக வராதவர் எல்லோரும் மறந்தவர்கள் அல்லர். கையில் பணமில்லாததால் தயங்குகிறவர்களும் உண்டு. "மீதியை ரெண்டு தவணையா குடுங்க, படத்தை எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால் வந்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பிரேமின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். கடையின் பெயர், தேதி, என்ன பசை, என்ன மவுண்ட், படம் எந்த இடத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை அதில் எழுதுங்கள். பிரேம் பழுதாகும், கண்ணாடி உடையும், ஒருநாள் யாரோ ஒரு கடைக்காரர் அதைப் பிரிக்கத்தான் போகிறார். எங்கே கை வைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தால் படம் தப்பிக்கும். நம் வேலை நல்ல வேலைதானா என்று சொல்லப்போகிறவரும் அவர்தான்.